முன்சக்கர இயக்கச் சிறிய காரை மழையிலும் உறைபனியிலும் ஓட்டும் முறை

சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பகுதியிலேயே அமர்ந்திருப்பதால், காரின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்சக்கரங்களின் மீது இறங்குகிறது. இழுக்க வேண்டிய சக்கரங்களையே எடையும் அழுத்திப் பிடிப்பதால், ஈரச் சாலையிலும் பனி மூடிய சாலையிலும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் இந்தக் கார்கள் சளைத்தவை அல்ல. எரிக் கார்ல்சன் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாப் 96 காரைக் கொண்டும், பேடி ஹாப்கிர்க் 1964 இல் மினி கூப்பர் எஸ் காரைக் கொண்டும், குளிர்காலத்தில் பனிமலைச் சாலைகளில் நடக்கும் மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை வென்றார்கள். இரண்டும் சிறிய எஞ்சின் கொண்ட முன்சக்கர இயக்கக் கார்கள் என்பதை, இவ்வகைக் கார் பனிக்கு உதவாது என்று சொல்பவர்களுக்கு நான் நினைவூட்டுவது வழக்கம்.

ஆனால் இந்தத் திறமையே ஓட்டுபவரை ஏமாற்றவும் செய்கிறது. தடுமாறாமல் கிளம்பிய கார் தடுமாறாமல் நிற்கும் என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. எந்தச் சக்கரங்கள் இழுத்தாலும், பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே வழுக்கல்தான். மணிக்கு 50 கிமீ வேகத்தில் செல்லும் கார், பிரேக்கை முழுமையாக அழுத்திய இடத்திலிருந்து, உலர்ந்த தார்ச்சாலையில் சுமார் 12 முதல் 14 மீட்டருக்குள் நின்றுவிடும். நனைந்த சாலையில் அது 20 மீட்டர் அளவுக்கு நீளும். இறுகிய பனியில் 50 மீட்டரைத் தொடும். வழவழப்பான பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். காலை பிரேக்குக்குக் கொண்டுசெல்ல ஆகும் ஒரு நொடியில் கார் கடக்கும் 14 மீட்டர் இந்தக் கணக்கில் சேரவில்லை. இதில் நமக்குச் சாதகமானது ஒன்று உண்டு: வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்பங்காகிவிடும். பனிக்கட்டியின் மீது 25 கிமீ வேகத்தில் செல்பவர் ஏறக்குறைய 25 மீட்டரில் நிறுத்திவிடலாம். கீழே சொல்லப்படும் எந்த உத்தியும் வேகத்தைக் குறைப்பது தரும் பலனுக்கு ஈடாகாது.

வரவு ஒன்று, செலவு மூன்று

ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். முன்சக்கர இயக்கக் காரில், முன்னால் இருக்கும் இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர் காரை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கைச் சுமக்கிறது. பிடிப்பு என்பது கையிருப்பு என்றால், இந்த மூன்று செலவுகளும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் நடந்தாக வேண்டும். உலர்ந்த சாலையில் கையிருப்பு தாராளமாக இருப்பதால், திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்தாலும் கார் பொறுத்துக்கொள்கிறது. ஈரத்தில் கையிருப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிறது. பனிக்கட்டியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அந்நிலையில் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் நடக்காது.

ஆகவே வளைவுக்கு முன்பே, கார் நேராகச் செல்லும்போதே, பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் சீராகத் திருப்ப வேண்டும். வளைவு முடிந்து சக்கரங்கள் நேரான பிறகே ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். வளைவின் நடுவில் வேகம் கூடுதலாக இருப்பதாகத் தோன்றினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று தூக்கக் கூடாது. அப்படித் தூக்கினால் எடை முன்னால் பாய்ந்து, ஏற்கெனவே இலேசாக இருக்கும் பின்பகுதி மேலும் இலேசாகி வெளிப்பக்கம் வீசப்படும். சிறிய காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், அந்தச் சுழற்சி பெரிய காரைவிட விரைவாக நடந்துவிடும்.

டயர்கள்

கையிருப்பைக் கூட்டக்கூடிய ஒரே பொருள் டயர் என்பதால், இதில் நான் சற்று அதிகமாகவே நிற்க விரும்புகிறேன். பல நாடுகளின் சட்டம் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மிமீ ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சிறிய மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால், அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் 1.6 மிமீ என்பது சட்டத்தின் எல்லையே தவிரப் பாதுகாப்பின் எல்லை அல்ல. மழைக்கு 3 மிமீ, பனிக்கு 4 மிமீ என்பதையே குறைந்த அளவாகக் கொள்வது நல்லது.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றும்போது புதியவற்றை எங்கே பொருத்துவது என்பதில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்கள் என்பதால் புதிய டயர் அங்கேதான் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நானும் ஒருமுறை அப்படியே செய்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நெடுஞ்சாலையின் நீண்ட இடப்பக்க வளைவில், சாலையோரம் தேங்கியிருந்த நீரில் பின்சக்கரங்கள் ஏறின. ஸ்டீயரிங்கில் எந்த மாற்றமும் தெரியாத நிலையில், என் இருக்கைக்குப் பின்னால் யாரோ காரைப் பக்கவாட்டில் தள்ளுவது போல இருந்தது. கண்ணாடியின் வழியே தெரிந்த சாலை மறைந்து, புல்வெளி தெரிந்தது. எதிரில் வண்டி ஏதும் வராததால் மட்டுமே தப்பித்தேன். முன்டயர் பிடிப்பை இழந்தால் ஸ்டீயரிங் இலேசாகி முன்னெச்சரிக்கை தரும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்டயர் பிடிப்பை இழக்கும்போது அப்படி ஓர் அறிகுறியும் கிடைப்பதில்லை. எனவே எந்தச் சக்கரங்கள் இழுக்கும் காராக இருந்தாலும், ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர்கள் பின்னால்தான் இருக்க வேண்டும்.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருப்பதோடு, அதன் மேற்பரப்பில் உள்ள எண்ணற்ற நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்கின்றன. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரையப்பட்ட முத்திரை, அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். சேற்றையும் பனியையும் குறிக்கும் எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்தச் சோதனை நடந்தது என்று கொள்ள முடியாது. செலவைக் குறைக்க முன்னால் மட்டும் இரண்டு குளிர்கால டயர்களைப் பொருத்துவது, ஒன்றும் பொருத்தாததைவிடச் சில நேரங்களில் ஆபத்தானது. முன்பகுதி நின்று பிடிக்க, பின்பகுதி அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். பனியில் பிடிப்புக்காக டயரின் மேல் சங்கிலி கட்டும் நிலை வந்தால் மட்டும் அது இழுக்கும் சக்கரங்களில், அதாவது முன்னால், கட்டப்பட வேண்டும். அப்போதும் 50 கிமீ வேகத்தைத் தாண்டக் கூடாது.

வெப்பநிலை ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி குறையும்போதும் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். ஆகவே குளிர் தொடங்கும் வாரத்தில், கார் ஓடிச் சூடாவதற்கு முன்பு, அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பனிக்காகக் காற்றை வேண்டுமென்றே குறைத்து ஓட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நீரின் மேல் விரைவாக மிதக்கும். காரின் பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றுவதும் பின்சக்கர இயக்கக் கார்களின் காலத்து வழக்கம். முன்சக்கர இயக்கக் காரில், பின் அச்சுக்கும் பின்னால் ஏற்றப்படும் சுமை இழுக்கும் சக்கரங்களின் மீதுள்ள எடையைக் குறைத்துவிடும்.

மழையில்

நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிகவும் வழுக்கலானவை. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் ரப்பர் தூளும் நீரோடு கலந்து ஒரு மெல்லிய குழம்பாகி, மழை வலுத்த பிறகே அடித்துச் செல்லப்படுகின்றன. அதுவரை முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது நான்கு நொடி இடைவெளி தேவை. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து நாம் அதே கம்பத்தை அடையும் வரை எண்ணிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

நீர் தேங்கிய சாலையில் வேகம் கூடும்போது, டயரின் பள்ளங்கள் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்ற நேரம் போதாமல், டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் ஆப்பு போல நுழைந்து டயரைத் தூக்கிவிடுகிறது. ஆழமான நீரில், 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் உள்ள டயர் முழுமையாக மிதக்கத் தொடங்கும் வேகம் கணக்குப்படி 90 கிமீ அளவில் வருகிறது. தேய்ந்த டயர்கள் அதற்கு வெகுமுன்பே பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும். முன்சக்கர இயக்கக் காரில் இதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஸ்டீயரிங் திடீரென்று எதனோடும் இணைக்கப்படாதது போல இலேசாகும். அதே நேரத்தில், எதிர்ப்பை இழந்த முன்சக்கரங்கள் வெறுமனே சுழல்வதால், வேகம் கூடாமலேயே எஞ்சினின் ஒலி மட்டும் உயரும். அந்த நொடியில் பிரேக்கைத் தொடக் கூடாது, ஸ்டீயரிங்கையும் திருப்பக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். திருப்பி வைத்திருந்தால், பிடிப்பு திரும்பக் கிடைக்கும் கணத்தில் கார் அந்தப் பக்கமாகப் பாய்ந்துவிடும். வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் க்ரூஸ் கன்ட்ரோலை மழையிலும் பனியிலும் பயன்படுத்தவே கூடாது.

முன்வண்டியின் டயர்கள் நீரை ஒதுக்கிவிட்டுச் சென்ற தடத்திலேயே, போதிய இடைவெளி விட்டு, செல்வது நல்லது. ஓடும் வெள்ளத்தைப் பொறுத்தவரை, 30 செமீ ஆழமே பெரும்பாலான சிறிய கார்களை மிதக்கவைத்து இழுத்துச் செல்லப் போதுமானது. ஆழம் தெரியாத நீரில் இறங்காமல் திரும்பிவிட வேண்டும். ஆழம் குறைவு என்று உறுதியாகத் தெரிந்த தேங்கிய நீரை முதல் கியரில், அலை எழாத வேகத்தில் கடந்து, கரையேறியதும் பிரேக்கை இலேசாகச் சிலமுறை அழுத்தி உலர்த்த வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. உள்ளே நீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்துவிடும்.

உறைபனியில்

பனிக்கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் யாரும் எச்சரிக்கையாகிவிடுவார்கள். ஆபத்து, தார்ச்சாலையின் கருமையை அப்படியே காட்டிக்கொண்டு அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய, கண்ணாடி போன்ற படலத்தில் இருக்கிறது. பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்ந்த காற்று வீசுவதால் அவை மற்ற சாலைக்கு முன்பே உறைகின்றன. மர நிழலிலும் மலையின் நிழல் பக்கத்திலும் நண்பகலிலும் அந்தப் படலம் கரையாமல் இருக்கும். காரின் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம், ஏனெனில் அது காற்றின் வெப்பத்தை அளக்கிறதே தவிரத் தரையின் வெப்பத்தை அளப்பதில்லை. சாலை ஈரமாகத் தெரிந்தும் முன்வண்டியின் சக்கரங்களிலிருந்து நீர் தெறிக்கவில்லை என்றால், நம் டயர்கள் எழுப்பிக்கொண்டிருந்த ஈரச் சத்தம் சட்டென்று அடங்கினால், அது நீரல்ல, பனிக்கட்டி. உறைநிலைக்கு மிக அருகில், மேலே மெல்லிய நீர் படிந்த பனிக்கட்டிதான் கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட வழுக்கலானது.

கிளம்பும்போது முன்சக்கரங்களை நேராக வைத்து, இரண்டாவது கியரில், கிளட்சை மிக மெதுவாக விட வேண்டும். சக்கரம் சுழன்றுவிட்டால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கூட்டினால் டயர் தன் சூட்டிலேயே பனியை உருக்கி, உருகிய நீர் மீண்டும் உறைந்து, தான் நிற்கும் இடத்தையே கண்ணாடியாக்கிவிடும். சிக்கிக்கொண்டால், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து வெளியேறலாம். முன்சக்கரங்களின் அடியில் மணல் தூவலாம், அல்லது கால்விரிப்பைச் செருகலாம். விரிப்பு விசையோடு பறந்து வரக்கூடும் என்பதால், அப்போது காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

எந்தப் பயணத்தின் தொடக்கத்திலும், பின்னால் வண்டி இல்லாத நேரான இடத்தில், 20 கிமீ வேகத்தில் ஒருமுறை பிரேக்கை உறுதியாக அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். பிரேக் பூட்டுத் தடுப்பு அமைப்பான ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால் மிதி பாதத்தின் அடியில் தடதடவென்று அதிரும், முன்னாலிருந்து கரகரவென்று ஓசை வரும். முதன்முறை அதை உணர்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள்; அந்த அதிர்வு பழுதல்ல, அழுத்தத்தைத் தளர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, பிரேக்கின்போதும் திருப்ப வழிசெய்கிறது. பனிக்கட்டியில் இல்லாத பிடிப்பை அதனால் உருவாக்க முடியாது. ஏபிஎஸ் இல்லாத காரில், சக்கரம் பூட்டிக்கொண்டதை உணர்ந்ததும் மிதியைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும். இடைவெளியைப் பொறுத்தவரை, உலர்ந்த சாலைக்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு வேண்டும் என்பது மிகையல்ல.

மேட்டில் ஏறும்போது முன்வண்டி உச்சியை அடையும் வரை கீழேயே காத்திருந்து, பிறகு சமதரையிலேயே தேவையான வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, நடுவில் நிற்காமலும் கியர் மாற்றாமலும் ஏற வேண்டும். மேட்டில் எடை பின்பக்கம் சரிவதால் முன்சக்கரங்கள் இலேசாகின்றன. முன்சக்கர இயக்கத்தின் பலவீனம் வெளிப்படும் இடம் இதுவே. ஆள்நடமாட்டமில்லாத குறுகிய ஏற்றமாக இருந்தால், காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் ஏற்றிப் பார்க்கலாம். அப்போது இழுக்கும் சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் வருவதால் எடை கூடுதலாக அவற்றின் மீது சாய்ந்து, முன்னோக்கி ஏற மறுத்த கார் பின்னோக்கி ஏறிவிடும்.

இறக்கத்தில், தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசையும் இந்தக் கார்களில் முன்சக்கரங்களில் மட்டுமே செயல்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. பனிக்கட்டியின் நடுவில் கியரைச் சட்டென்று குறைத்தால், முன்சக்கரங்கள் பிரேக் பிடித்தது போல இழுபட்டு, திருப்பும் திறனும் போய்விடும். அப்படி நேர்ந்தால் கிளட்சை அழுத்தி அவற்றைச் சுழலவிட வேண்டும். கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. ஓடும் காரில் அதை இழுப்பது பின்பகுதியைச் சுழற்றிவிடும்.

சறுக்கத் தொடங்கிவிட்டால்

மிக அடிக்கடி நிகழ்வது, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே செல்வது. கை உடனே இன்னும் அதிகமாகத் திருப்பும்; அதைத்தான் தடுக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டீயரிங்கைச் சிறிது பின்வாங்கினால், டயர் உருளத் தொடங்கிப் பிடிப்பு திரும்பும், பிறகு தேவையான அளவு திருப்பலாம். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் அந்த நொடியில் திருப்பியதைக் குறைப்பதற்கு மனத்துணிவு வேண்டும்.

பின்பகுதி வெளியே சென்றால், பிரேக்கைத் தொடாமல், போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். முன்சக்கரங்கள் அந்தத் திசையைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை மிக இலேசாக அழுத்தினால், கயிறு கட்டி இழுப்பது போல அவை காரை நேராக்கிவிடும். பின்பகுதி திரும்பி வரும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்கத் தவறினால், அது மறுபக்கம் வீசிவிடும். எதுவும் பலிக்காமல் கார் முழுமையாகச் சுழன்றுவிட்டால், கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி நிறுத்த முயல்வதைத் தவிர வேறு வழியில்லை. காலியான மைதானம் ஒன்றில், உரிய அனுமதியோடு, இவை இரண்டையும் 20 கிமீ வேகத்தில் பழகிப் பார்ப்பது, பத்து முறை படிப்பதைவிடக் கைக்குப் பாடமாகும்.

புறப்படும் முன்பும் நிறுத்திய பின்பும்

கூரையின் மீதுள்ள பனியை முழுமையாகத் தள்ளிவிட வேண்டும். இல்லையெனில் முதல் பிரேக்கில் அது சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். உட்புறம் ஆவி படிந்தால், குளிராக இருந்தாலும் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, சூடான காற்றைக் கண்ணாடியின் மீது திருப்ப வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை அகற்றுவது ஏசிதான். பனி விழும்போது ஹெட்லைட்டைத் தாழ்வாகவே வைக்க வேண்டும். எல்இடி விளக்குகளின் முகப்பு அதிகம் சூடாகாததால், அவற்றின் மேல் ஒட்டும் பனியை வழியில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கும். காலணியின் அடியிலுள்ள பனியைத் தட்டிவிட்டு ஏறாவிட்டால் மிதிகள் வழுக்கும்.

ஈரத்தில் ஓட்டிவந்து உறையும் இரவில் சமதரையில் நிறுத்தும்போது, கைப்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளாமல் இருக்க, அதைப் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கலாம். வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி வைக்கலாம். மறுநாள் காலையில் பனி குவிந்திருந்தால், எஞ்சினை இயக்கும் முன்பு காரின் பின்னால் சென்று புகைக்குழாயின் வாயைத் திறந்துவிட வேண்டும். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் காருக்குள் நிறைந்துவிடும்.